பதநீர்ப் பயணம்

ஊர் காணும் வேட்கை மக்களுக்கு இயல்பாக அமைந்தது. கடல் கடந்து சென்று புதுமைகளைக் கண்டு வருவோர் பலர். ஆயினும், தம் வீட்டுக் கொல்லையில் நிற்கும் மரத்தின் பெயர் அறியாதாரும் அவர்களுள் உண்டு. தொலைவில் உள்ளது கண்ணைக் கவர்கிறது; அண்மையில் உள்ளது கண்ணுக்கு மறைந்து போகிறது. இவ்வுண்மையை முதுமையிலே கற்றுக்கொண்ட தமிழாசிரியர் ஒருவரும் அவர் மனைவியாரும் மேற்கொண்ட பயணத்தை இக்கட்டுரை எடுத்துரைக்கும்.

எட்டயபுரம் கரிசல் நிலத்து ஊர். மழை பெய்தால் அதன் மண் காலைப் பற்றி இழுக்கும். கோடை வந்தால் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பருத்தியும் கம்பும் உளுந்தும் மிளகாயும் விளையும் அச்சிற்றூர் புலமையிலும் இசையிலும் பேரூராக விளங்கியது. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடக்கமாகியிருப்பது அவ்வூரில். இசை மேதை முத்துசாமி தீட்சிதர் 1835-ஆம் ஆண்டில் மறைந்ததும் அவ்வூரில். 1882-ஆம் ஆண்டில் பாரதியார் பிறந்ததும் அவ்வூரிலேயே. பாரதியாருக்கு அங்கு எழுப்பப்பெற்ற மணிமண்டபம் 1947-ஆம் ஆண்டில் திறந்து வைக்கப்பெற்றது.

அவ்வூரில் வாழ்பவர் அத்தமிழாசிரியர். முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவர். சங்க நூல்களில் ஆழ்ந்த பயிற்சி உடையவர். ஆண்டுதோறும் ஒரு பாடத்தை அவர் மிக்க சுவையோடு நடத்துவார். அது கொற்கை முத்தைப் பற்றியது. பாண்டியர் துறைமுகமாகிய கொற்கையின் பெருமையை எடுத்துரைக்கும்போது அவர் குரல் உயரும். அலை வந்து வகுப்பறையின் சுவரில் மோதுவது போன்று மாணவர்களுக்குத் தோன்றும்.

ஒரு நாள், பின் வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, கொற்கைக்கு இப்பொழுதும் கப்பல் வருகிறதா?" என்று வினவினான்.

ஆசிரியருக்கு விடை தெரியவில்லை. எட்டயபுரத்திலிருந்து காலையிற் புறப்பட்டால் மாலைக்குள் கண்டு திரும்பத்தக்க ஊர் அது. அதனை அவர் ஒருமுறையேனும் கண்டதில்லை. "தெரியாது" என்று சொல்லியிருந்தால் இழுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அச்சொல் அவர் நாவில் எழவில்லை. "பாடத்தில் உள்ளதைப் படி, இல்லாததைக் கேளாதே" என்று கடிந்து அவனை உட்காரச் செய்தார். அம்மாணவன் அந்த ஆண்டு முழுவதும் வேறு வினா ஒன்றும் கேட்கவில்லை. அவனுடைய வாடிய முகம் நெருஞ்சிமுள் போல ஆசிரியரின் நெஞ்சில் தங்கிவிட்டது.

ஆண்டுகள் உருண்டன. ஆசிரியரின் மகன் பொறியியல் கற்றுச் செருமனி நாட்டிற்குப் பணிக்குச் சென்றான். அவனிடமிருந்து ஒரு நாள் மடல் வந்தது.

"அன்புள்ள அப்பா, அம்மா, இந்நாட்டு முதியோர் ஓய்வு பெற்றபின் வீட்டில் அடைந்து கிடப்பதில்லை. கணவனும் மனைவியுமாக ஊர் ஊராகச் செல்கின்றனர். கொலோன் நகருக்குச் சென்று, 157 மீட்டர் உயரமுள்ள இரட்டைக் கோபுரத் தேவாலயத்தைக் காண்கின்றனர். பெல்ஜிய நாட்டுப் புரூசு நகரின் கால்வாய்களிற் படகேறிச் செல்கின்றனர். டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் கடற்கரை காண்கின்றனர். செல்லும் ஊர்களில் அவ்வவ்வூர்ப் பீரைச் சிறு கிண்ணத்தில் வாங்கிச் சுவைத்து, இது இன்ன ஊர்ச் சுவை என்று வேறுபாடு காண்கின்றனர். வாற்கோதுமையை முளைகட்டிக் காய்ச்சிப் புளிக்கவைத்த மது அது. கொலோன் நகரில் வடிப்பது ஒருவகை. அருகில் உள்ள தூசல்தோர்பு நகரில் வடிப்பது வேறொருவகை. பெல்ஜியத்தின் பீர் மரபை உலகப் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக யுனெசுகோ 2016-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. நம் குடும்பத்தார் மதுவைத் தீண்டமாட்டோம். ஆயினும், ஒவ்வோர் ஊரையும் அதன் மண்ணோடும் நீரோடும் சேர்த்து அறிய விரும்பும் இவர்கள் ஆர்வம் எனக்குப் பிடித்திருக்கிறது. நீங்கள் இருவரும் வந்து இந்நகரங்களைக் காண வேண்டும்."

மடலைப் படித்து முடித்த ஆசிரியர், "போய்த்தான் வருவோமா?" என்று மனைவியாரை நோக்கினார்.

அம்மையார் அரிசியிற் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே, "போகலாம். அதற்கு முன் ஒன்று கேட்கிறேன். ஊருக்கு ஊர் சுவை மாறும் பானம் நம் நாட்டிலும் உண்டே. அதனை என்றாவது சுவை பார்த்துக் குடித்திருக்கிறீர்களா?" என்றார்.

"எதனைச் சொல்கிறாய்?"

"பதநீரைத்தான்."

ஆசிரியர் நகைத்தார். "பதநீரில் ஊர் வேறுபாடு ஏது? எல்லாம் ஒரே இனிப்புத்தானே!"

"அப்படியா?" என்றார் அம்மையார். அவ்வொரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார். அம்மையார் பிறந்தது உடன்குடிக்கு அருகே தேரி நிலத்துச் சிற்றூர் ஒன்றில். அவருடைய தந்தையார் பனையேறிப் பிழைத்தவர். மணமாகி நாற்பது ஆண்டுகள் ஆகியும் அத்தொழிலைப் பற்றி ஆசிரியர் மனைவியாரிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றியதும் இல்லை.

பங்குனி மாதத்தில் இருவரும் புறப்பட்டனர். பனையிற் பாளை விட்டுப் பதநீர் சுரக்கும் பருவம் அது. மூன்று நாட் பயணம். தூத்துக்குடி, கொற்கை, திருச்செந்தூர், தேரி நிலம் என வழி வகுத்துக்கொண்டனர்.

கரிசற்காட்டு வழியே பேருந்து விரைந்தது. கட்டபொம்மன் ஆண்ட பாஞ்சாலங்குறிச்சியும், வ. உ. சிதம்பரனார் பிறந்த ஓட்டப்பிடாரமும் ஒரு பக்கத்தே ஒதுங்கி நின்றன. தூத்துக்குடியை நெருங்கியதும் காற்றில் உப்பு மணத்தது. சாலையின் இருமருங்கும் உப்பளங்கள் கண்ணாடித் துண்டுகளைப் பரப்பியதுபோல் ஒளி வீசின. இந்தியாவில் உப்பு விளைவிப்பதில் குசராத்துக்கு அடுத்த நிலையில் இருப்பது தமிழ்நாடு. அவ்வுப்பிற் பெரும்பகுதி விளைவது தூத்துக்குடிக் கரையில்.

நகரின் எல்லையில் சாலையோரம் ஒருவர் பானையில் வைத்துப் பதநீர் விற்றுக்கொண்டிருந்தார். ஆசிரியர் ஒரு குவளை வாங்கி ஒரே மூச்சிற் குடித்து, "நன்று" என்றார். அம்மையார் ஒரு வாய் பருகிக் குவளையைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏன் ஆச்சி, பிடிக்கவில்லையா?" என்றார் விற்பவர்.

"தம்பி, பனை பாதியும் சீனி பாதியுமாக இருக்கிறது. பனையின் இனிப்பு நாவில் தொடங்கித் தொண்டையில் முடியும். சீனியின் இனிப்பு நாவிலேயே நின்றுவிடும்" என்றார் அம்மையார்.

விற்பவர் தலை குனிந்தார். "காலையில் வந்த சரக்குத் தீர்ந்துவிட்டது ஆச்சி" என்று மெல்லச் சொல்லிக் காசு வாங்க மறுத்தார். அம்மையார் காசைக் கொடுத்துவிட்டே நடந்தார். ஆசிரியர் ஒன்றும் பேசவில்லை. தாம் "நன்று" என்று சொன்ன சொல் அவருக்கே நாணமாக இருந்தது.

அன்று மாலை தூத்துக்குடியைச் சுற்றிக் கண்டனர். 1713-ஆம் ஆண்டில் எழுந்த பனிமய மாதா கோயிலையும், 1906-ஆம் ஆண்டில் வ. உ. சிதம்பரனார் தோற்றுவித்த சுதேசிக் கப்பற் கழகம் கலம் விட்ட துறையையும் கண்டனர். கடற்கரையில் முதிய மீனவர் ஒருவர் வலை சீர் செய்துகொண்டிருந்தார். முத்தைப் பற்றி ஆசிரியர் அவரை வினவினார்.

"அது என் தந்தையார் காலத்தோடு போயிற்று ஐயா" என்றார் அவர். "1961-ஆம் ஆண்டுதான் இக்கடலில் கடைசி முத்துக்குளிப்பு. காலிற் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். மூச்சை அடக்கிச் சிப்பியைப் பைக்குள் வாரிப் போட்டுக் கயிற்றை அசைப்பார்கள். தோணியில் இருப்பவர் உடனே தூக்கிவிட வேண்டும். கயிறு பிடிப்பவர் கண் அயர்ந்தால் குளித்தவர் உயிர் போய்விடும். இன்று சங்கு குளிக்கிறார்கள். முத்துக் குளிப்பார் இல்லை."

முத்துச்சிப்பி அருகியபின் அறிஞர் வேறு வழி தேடினர். தூத்துக்குடியில் உள்ள கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் 1973-ஆம் ஆண்டில் சிப்பியினுள் சிறு மணியை வைத்து முத்தை வளர்க்கும் முறையில் வெற்றி கண்டனர். ஆயினும், உயிரைக் கயிற்றில் கட்டி ஆழத்தில் இறங்கியவர் கதை அவ்வெற்றியால் மறைந்துவிடாது.

மறுநாட் காலை கொற்கையை நோக்கிச் சென்றனர். ஆசிரியரின் நெஞ்சு சிறுவன் நெஞ்சு போலத் துடித்தது. தாமிரபரணிக் கரையின் வாழைத் தோட்டங்களும் நெல்வயல்களும் வழியெங்கும் பசுமை காட்டின. உள்ளூர் வண்டி ஒன்று அவர்களை ஓர் ஊரின் நடுவே இறக்கிவிட்டது.

"கொற்கை எங்கே?" என்றார் ஆசிரியர்.

"இதுதான் ஐயா கொற்கை" என்றார் வண்டிக்காரர்.

ஆசிரியர் நாற்புறமும் நோக்கினார். கடல் இல்லை, கலம் இல்லை, கரை இல்லை. ஓட்டு வீடுகள் சில, ஒரு குளம், சிறு கோயில், நெடுங்காலமாக நிற்பதென்று ஊரார் போற்றும் வன்னிமரம் ஒன்று, வயலில் மேயும் ஆடுகள். யவன நாட்டார் நூல்களிலும் இடம் பெற்ற துறைமுகம், ஆரவாரம் ஏதுமின்றி ஒரு சிற்றூராக உறங்கிக் கிடந்தது. தம் வகுப்பறையில் முப்பத்தைந்து ஆண்டுகள் அலை வீசிய கொற்கை எங்கே என்று அவர் திகைத்தார்.

வரப்பில் நின்ற உழவர் ஒருவர் அவர் திகைப்பைக் கண்டு அருகில் வந்தார். "கடலைத் தேடுகிறீர்களா ஐயா? அது கிழக்கே ஆறேழு கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டது. ஆனால், இருந்த அடையாளத்தை இங்கே விட்டுத்தான் போயிருக்கிறது" என்று சொல்லி, வரப்பின் ஓரத்தில் மண்ணைக் காலாற் கிளறினார். வெளுத்துப்போன சிப்பி ஓடு ஒன்று வெளிப்பட்டது. "கிணறு தோண்டினாலும் கடகால் தோண்டினாலும் இவை அகப்படும்" என்று கூறி அதனை ஆசிரியர் கையில் வைத்தார்.

கடல் ஏன் விலகியது? தாமிரபரணி ஆறு மலையிலிருந்து வண்டலைச் சுமந்து வந்து, நூற்றாண்டு நூற்றாண்டாகக் கழிமுகத்திற் கொட்டியது. நிலம் வளர்ந்தது; கடல் பின்வாங்கியது. கொற்கை துறைமுகத் தன்மையை இழந்தபின் அதற்குக் கிழக்கே காயல் தலையெடுத்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ பெருந்துறைமுகமாகப் புகழ்ந்தது அக்காயலையே. பின்னர் அதுவும் தூர்ந்தது; இன்று அது பழையகாயல் எனப் பெயர் பெற்று நிற்கிறது. அதன்பின் பதினாறாம் நூற்றாண்டில் ஓங்கியது தூத்துக்குடி. எந்த ஆறு வயலுக்கு வாழ்வளித்ததோ அதே ஆறு துறைமுகத்தைத் தூர்த்தது. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் 1968, 1969-ஆம் ஆண்டுகளிற் கொற்கையில் அகழ்ந்து ஆராய்ந்து அதன் தொன்மையை நிறுவினர். இவையெல்லாம் நூல்களில் இருந்தன. ஆசிரியர் அந்நூல்களைத் தேடியதில்லை. செய்யுளின் நயத்தோடு நின்றுவிட்டார்.

"அன்று அந்தப் பையன் கேட்டது எவ்வளவு நல்ல வினா!" என்று ஆசிரியர் மெல்லச் சொன்னார். "விடையில் பாடத்தின் பாதி அடங்கியிருந்திருக்கிறது. நான் அவனை உட்காரச் சொல்லிவிட்டேன்."

அம்மையார் மறுமொழி கூறவில்லை. அவர் கையிலிருந்த சிப்பி ஓட்டை வாங்கி, மண்ணைத் துடைத்து, முந்தானையில் முடிந்துகொண்டார்.

உழவர் தம் வயலோரத்துப் பனையில் அன்று இறக்கிய பதநீரைப் பட்டையில் ஊற்றித் தந்தார். பச்சைப் பனையோலையை மடித்துக் கட்டிய குடுவையே பட்டை. அதன் பச்சை மணமும் பதநீரின் இனிமையும் கலந்து வந்தன. இம்முறை ஆசிரியர் விரைந்து குடிக்கவில்லை. சிறிது சிறிதாகப் பருகினார்.

"என்ன தெரிகிறது?" என்றார் அம்மையார்.

"இனிப்பு. அதனுள் ஏதோ ஒரு மென்மை."

"ஆற்று வண்டலில் நிற்கும் மரம். நீர் மிகுதி; இனிப்புச் சற்று மட்டு. சுண்ணாம்பும் அளவாக இருக்கிறது" என்றார் அம்மையார். உழவர் வியந்து, "தங்கச்சிக்குப் பனங்காட்டு ஊர்தான்" என்றார்.

அன்றிரவு திருச்செந்தூரில் தங்கினர். முருகன் கோயிலின் ஒன்பது நிலைக் கோபுரத்தின் அடியில் அலை ஓயாது ஒலித்தது. மறுநாட் காலை நாழிக்கிணற்றுக்குச் சென்றனர். கடலுக்கு மிக அண்மையில் இருந்தும் அதில் ஊறும் நீர் உவர்ப்பதில்லை. அதனைக் கையில் ஏந்திப் பருகிய ஆசிரியர், "உப்பு நீருக்கு அருகே நன்னீர்! நிலத்தின் அடியில் என்ன நடக்கிறது என்பதை நாவுதான் அறிகிறது" என்றார். "இப்பொழுதாவது அறிந்தீர்களே" என்று அம்மையார் முறுவலித்தார்.

பின்னர் இருவரும் தேரி நிலத்தை அடைந்தனர். தேரி என்பது செம்மணற் குன்றுகள் நிறைந்த நிலம். காற்று வீசும்போது அம்மணல் எழுந்து வானையே சிவக்கச் செய்யும். வேறு பயிர் எளிதில் வாழாத அந்நிலத்தில் வாடாது நிற்பது பனை. வேரால் மணலைப் பற்றி, ஓலையாற் கூரை தந்து, நாரால் கட்டிலும் கயிறும் தந்து, நுங்கும் பழமும் கிழங்கும் ஈந்து, தன்னை ஏறி வருவார்க்குப் பதநீரும் சுரப்பது அது. தமிழ்நாட்டின் மாநில மரம் என்னும் சிறப்பைப் பெற்றதும் அதுவே.

அம்மையார் பிறந்த ஊரில் அவருடைய உறவினர் பலர் இல்லை. பிழைப்பு நாடி வேற்றூர் சென்றுவிட்டனர். முதியவர் ஒருவர் மட்டும் அவரை அடையாளம் கண்டுகொண்டார். அவர் அன்றும் பனையேறிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, எங்கள் அப்பா ஏறிய மரங்கள் இருக்கின்றனவா?" என்று கேட்டார் அம்மையார்.

"பாதி செங்கற்சூளைக்குப் போய்விட்டது, தங்கச்சி. கிழக்கு மூலை மரம் இருக்கிறது. நான்தான் ஏறுகிறேன்" என்றார் அவர்.

அம்மரத்தின் அடியில் மூவரும் நின்றனர். முதியவர் காலிலே தளைநாரை மாட்டினார்; இடையில் அரிவாட் பெட்டியைக் கட்டினார்; மார்பை மரத்தோடு அணைத்து மேலேறினார். எழுபது அடி உயரத்தில் மட்டைகளுக்கு நடுவே அவர் ஒரு பறவை போலத் தோன்றினார். பாளையின் நுனியை மெல்லிதாகச் சீவி, சுரந்திருந்த பதநீரைக் குடுவையிற் சேர்த்து, சுண்ணாம்பு தடவிய கலயத்தை மீண்டும் கட்டிவிட்டு இறங்கினார். நாளுக்கு இருமுறை, ஒவ்வொரு மரமாக, இவ்வாறு ஏறி இறங்க வேண்டும். ஒரு நாள் சீவாது விட்டாலும் பாளை வறண்டுபோகும்.

"எனக்குப் பன்னிரண்டு வயது" என்று அம்மையார் பேசத் தொடங்கினார். நாற்பது ஆண்டுகளாக அவர் பேசாத பேச்சு அது. "முதல் நாள் மழை பெய்து மரம் வழுக்கலாக இருந்தது. அன்று ஏற வேண்டாம் என்று அம்மா தடுத்தாள். பாளை வறண்டுவிடும் என்று அப்பா ஏறினார். இந்த மரத்திலிருந்துதான் விழுந்தார். உயிர் பிழைத்தார், இடுப்பு பிழைக்கவில்லை. அதன்பின் ஆறு ஆண்டுகள் திண்ணையில் இருந்தபடியே, பிறர் இறக்கி வந்த பதநீரை வாயில் விட்டுப் பார்த்து, 'இது இன்ன மரம், இன்னார் சீவியது, சுண்ணாம்பு மிகுந்துவிட்டது' என்று சொல்லுவார். அவர் பக்கத்தில் இருந்து நான் கற்றுக்கொண்டதுதான் இந்தச் சுவை."

ஆசிரியர் தலை குனிந்து நின்றார். கடலின் ஆழத்துக்குக் கயிறு கட்டி இறங்கியவரின் கதையை நேற்று முன்தினம் உருகிக் கேட்டார். மரத்தின் உயரத்துக்கு நார் கட்டி ஏறியவரின் கதை நாற்பது ஆண்டுகளாகத் தம் வீட்டிலேயே இருந்தது. அதனை அவர் கேட்டிலர். கொற்கை அண்மையில் இருந்தது, காணவில்லை. மனைவி அதனினும் அண்மையில் இருந்தார், அவரையும் அறியவில்லை.

முதியவர் பட்டையிற் பதநீரை நிறைத்து, மாங்காய்த் துண்டு இரண்டு இட்டு அம்மையாரிடம் நீட்டினார். அவர் கண்ணை மூடிப் பருகினார். "மாறவில்லை" என்ற ஒரு சொல்லே அவர் வாயிலிருந்து வந்தது. பின்னர்ப் பட்டையைக் கணவரிடம் கொடுத்தார். ஆசிரியரும் பருகினார். தெளிந்த, செறிந்த, தொண்டைவரை சென்று நிற்கும் இனிப்பு. வண்டல் நிலத்துப் பதநீருக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை அவர் நாவே அவருக்கு எடுத்துச் சொல்லிற்று.

அருகே, பதநீர் காய்ச்சும் குடிசையாகிய விடிலியிலிருந்து புகை எழுந்தது. அங்கே பெண்கள் இருவர் பதநீரைக் காய்ச்சிக் கிண்டிக்கொண்டிருந்தனர். பாகு பதமானதும் தேங்காய்ச் சிரட்டைகளில் ஊற்றினர். ஆறியதும் அதுவே கருப்பட்டியாகும். உடன்குடிக் கருப்பட்டிக்கு நாடெங்கும் பெயர் உண்டு. ஏறுபவர் ஆண், காய்ச்சுபவர் பெண். ஒருவர் மரத்தின் உச்சியில் வெயிலில் வேகிறார். மற்றவர் அடுப்பின் முன் புகையில் வேகிறார். இருவர் உழைப்பும் கலந்ததே அவ்வினிப்பு.

"கலயத்தில் சுண்ணாம்பு எதற்கு ஐயா?" என்று ஆசிரியர் மாணவரைப் போல் வினவினார்.

"சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள்" என்றார் முதியவர்.

அவ்விடை சிறிது, அதன் பொருள் பெரிது. காற்றிலும் கலயத்திலும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் உண்டு. அது இனிப்பை உண்டு மதுவாக மாற்றும் இயல்புடையது. வாற்கோதுமைச் சாற்றைப் பீராக மாற்றுவதும் அந்த இனத்து நுண்ணுயிரே. கோபன்ஹேகனில் உள்ள ஆய்வுக்கூடம் ஒன்றில் 1883-ஆம் ஆண்டில் ஹான்சன் என்னும் அறிஞர் அதனைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார். வடபுலத்தார் அதனை வளர்த்து மது வடித்தனர். தேரி நாட்டார் அதனைச் சுண்ணாம்பால் தடுத்துப் பதநீர் கொண்டனர். தமிழ்நாட்டில் 1987-ஆம் ஆண்டு முதல் கள் இறக்குதல் தடை செய்யப்பட்டுள்ளது. மரம் ஒன்று, பாளை ஒன்று, சுரப்பதும் ஒன்று. உள்ளே தடவிய ஒரு விரல் சுண்ணாம்பு அதன் தன்மையையே மாற்றிவிடுகிறது. இளமையில் மனத்தில் இடும் நற்பழக்கமும் அத்தகையதே அன்றோ!

விடைபெறும்போது ஆசிரியர் முதியவரை நோக்கி, "உங்களுக்குப் பின் இம்மரத்தில் யார் ஏறுவார்?" என்றார்.

முதியவர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். "மகன் பனியன் ஆலைக்குப் போய்விட்டான், ஐயா. அவனைக் குறை சொல்லமாட்டேன். விழுந்தவர்களைப் பார்த்து வளர்ந்தவன் அவன். இடர் இல்லாமல் ஏற ஒரு வழியும், உழைப்புக்கேற்ற விலையும் கிடைத்தால் பிள்ளைகள் வருவார்கள். இல்லையென்றால் மரம் நிற்கும், பதநீர் இராது" என்றார்.

மூன்றாம் நாள் இரவு இருவரும் எட்டயபுரம் திரும்பினர். ஆசிரியர் மகனுக்கு மறுமொழி எழுதினார். "உன் நாட்டு நகரங்களைக் காண வருகிறோம். ஆனால் உன் தாயின் ஊரை நான் இப்பொழுதுதான் கண்டேன். விடுமுறையில் நீ வரும்போது முதலில் உன் பாட்டனார் ஏறிய மரத்தைக் காட்டுகிறோம்" என்பது அம்மடலின் சாரம்.

மறுவாரம் ஆசிரியர் தாம் பணியாற்றிய பள்ளிக்குச் சென்று, தலைமையாசிரியரின் இசைவு பெற்று ஒரு வகுப்பில் நுழைந்தார். கொற்கைச் சிப்பியின் ஓட்டை மேசையின்மீது வைத்தார்.

"பல ஆண்டுகளுக்கு முன் இவ்வகுப்பில் ஒரு மாணவர் என்னிடம் வினா ஒன்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல நாணி, அவரைக் கடிந்துகொண்டேன். அது பிழை. அவர் இன்று எங்கிருக்கிறாரோ, அறியேன். அவருக்குச் சொல்லவேண்டிய விடையை உங்களிடம் சொல்ல வந்தேன்" என்று தொடங்கிக் கண்டவை அனைத்தையும் கூறினார்.

சிப்பி ஓடு கைக்குக் கை மாறிச் சென்றது. கடைசி வரிசையில் அதனைப் பெற்ற மாணவி ஒருத்தி, சிறிது நேரம் அதனைப் புரட்டிப் பார்த்துவிட்டு எழுந்தாள். "ஐயா, கொற்கையும் போயிற்று, காயலும் போயிற்று என்றீர்கள். தூத்துக்குடியை விட்டும் கடல் ஒரு நாள் போய்விடுமா?"

வகுப்பு அமைதியாக இருந்தது. ஆசிரியர் அவளைக் கனிவோடு நோக்கினார்.

"தெரியாது, அம்மா. நல்ல வினா. அறிந்தவரிடம் கேட்டு, அடுத்த வாரம் வந்து சொல்கிறேன். நீயும் தேடிப் பார்" என்றார்.

தம் வாழ்நாளில் ஒரு வகுப்பறையில் நின்று "தெரியாது" என்று அவர் சொன்னது அதுவே முதன்முறை. அச்சொல்லைச் சொன்னபின் அவர் முகத்தில் தோன்றிய தெளிவைப் பின்னால் நின்ற தலைமையாசிரியரும் கண்டார்.